இலக்கு எடைக்கு மறுநாள்

சென்னை ரயில் நிலையங்களின் நடைமேடைகளில் ஒரு காலத்தில் எடை பார்க்கும் இயந்திரங்கள் நின்றிருந்தது பலருக்கு நினைவிருக்கும். வண்ண விளக்குகள் சுழன்றுகொண்டிருக்கும். நாணயத்தைப் போட்டால் சிறிய அட்டை ஒன்று விழும். அதில் நம் எடையும், அதனோடு நம் எதிர்காலத்தைக் கூறும் ஒரு வாக்கியமும் அச்சிடப்பட்டிருக்கும். சிறுமியாக இருந்தபோது அந்த வாக்கியத்தை ஆவலோடு படித்த நான், பருவம் கடந்தபின் அந்த இயந்திரத்தின் அருகிலும் செல்லவில்லை. எடையும் எதிர்காலமும் ஒரே அட்டையில் இருந்தது எனக்கு அச்சமூட்டியது.

நாற்பத்தாறாம் வயதில் உடற்பருமனுக்கான அறுவை சிகிச்சையைச் செய்துகொண்டேன். இரைப்பையின் பெரும்பகுதியை அகற்றி, எஞ்சியதை ஒரு குழாய்போல் ஆக்கும் ‘ஸ்லீவ்’ சிகிச்சை அது. அப்போது என் உயரம் 160 செ.மீ., எடை 112 கிலோ. இரவில் இன்சுலின், பகலில் மூன்று வேளை மாத்திரை. மருத்துவக் குழுவினரோடு கலந்து பேசி, 75 கிலோ என்னும் இலக்கு என் கோப்பில் எழுதப்பட்டது. பதினைந்தாம் மாதத்தில் அதை அடைந்தேன். வீட்டில் கேசரி செய்து கொண்டாடினார்கள். நான் இரண்டு தேக்கரண்டி உண்டேன். என் சிகிச்சையின் மிகவும் ஆபத்தான காலம் அன்று தொடங்கியது என்பதை நான் அறியவில்லை. என் வீட்டாரும் அறியவில்லை.

இலக்கு எடையை அடையும் நாளைச் சிகிச்சை நிறைவுபெறும் நாளாகவே நோயாளிகளும் குடும்பத்தாரும் கருதுகிறோம். அதை இரண்டாம் கட்டச் சிகிச்சையின் முதல் நாளாகக் கருத வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நான் முன்வைக்கும் கருத்து.

அந்த எண் யாருடையது?

நம் கோப்பில் எழுதப்படும் இலக்கு எடைக்கு ஒரு வரலாறு உண்டு. எடையை உயரத்தின் இருமடியால் வகுக்கும் கணக்கை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முன்வைத்தவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் கெட்லே. அவர் மருத்துவர் அல்லர். வானியலும் புள்ளியியலும் அவருடைய துறைகள். ‘சராசரி மனிதன்’ எப்படி இருப்பான் என்பதை அறிவதே அவர் நோக்கமாக இருந்தது. அக்கணக்குக்கு ‘பாடி மாஸ் இண்டெக்ஸ்’, அதாவது பி.எம்.ஐ., என்னும் பெயர் 1972இல் அமெரிக்க ஆய்வாளர் ஏன்செல் கீஸ் வெளியிட்ட கட்டுரையால் நிலைபெற்றது.

உயரத்துக்கேற்ற எடை இவ்வளவு என்று கூறும் அட்டவணையோ காப்பீட்டு அலுவலகத்தில் பிறந்தது. காப்பீடு எடுத்திருந்த அமெரிக்கர்களுள் எந்த எடையினர் நீண்ட நாள் வாழ்ந்தனர் என்று கணக்கிட்டு, நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் 1940களில் அதை வெளியிட்டது. பிற்காலத்தில் அது திருத்தவும் பட்டது. அறுவை சிகிச்சைக்குப் பின் ‘மிகை எடையில் எத்தனை விழுக்காடு குறைந்தது’ என்று மருத்துவ ஏடுகள் கூறிவந்த கணக்குக்கு நெடுங்காலம் அந்த அட்டவணையே அடிப்படையாக இருந்தது. மேற்கு மாம்பலத்தில் வாழும் ஒரு தமிழ்ப் பெண்ணின் உடலை அதை வகுத்தவர்கள் மனத்தில் கொண்டிருக்க வாய்ப்பில்லை.

ஒரே எண் இரண்டு உடல்களைக் குறித்து எவ்வளவு மாறுபட்ட செய்தியைச் சொல்லக்கூடும் என்பதற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. புணேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் இங்கிலாந்தின் மருத்துவர் யுட்கினும் தம் படத்தை 2004இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டனர். இருவரின் பி.எம்.ஐ.யும் 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. இந்தியர்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வருவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. அதனால்தான் 2009இல் இந்திய வல்லுநர்கள் உடற்பருமனுக்கான எல்லையை 30க்குப் பதிலாக 25 என வரையறுத்தனர்.

எல்லைகளும் இடத்துக்கு இடம் மாறுகின்றன. ஆசிய மக்களுக்குப் பி.எம்.ஐ. 27.5 முதலே அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம் என்று 2022இல் பன்னாட்டு அறுவை மருத்துவர் அமைப்புகள் கூறின. நம் நாட்டுக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதியோ 40ஐயும், கடுமையான இணைநோய்கள் இருப்பின் 35ஐயும் எல்லையாகக் கொள்கிறது. ஆகவே, கோப்பில் எழுதப்பட்ட இலக்கு எண்ணை விதியின் எழுத்தாகக் கருத வேண்டியதில்லை. நல்ல நோக்கத்தோடு நம் மருத்துவர்கள் செய்த மதிப்பீடு அது. மதிப்பீடு மாறலாம்.

எவ்வளவு குறையும், எவ்வளவு நிலைக்கும்?

அறுவை சிகிச்சைக்கு முன் ஒவ்வொரு குடும்பமும் கேட்க வேண்டிய கேள்வி, எவ்வளவு குறையும் என்பது மட்டுமன்று. பத்து ஆண்டுகளுக்குப் பின் எவ்வளவு நிலைக்கும் என்பதும் ஆகும். இதற்கு விடை கிடைத்திருக்கிறது. ஸ்வீடன் நாட்டில் 1987இல் தொடங்கிய ஆய்வொன்று, அறுவை சிகிச்சை செய்துகொண்ட சுமார் 2,000 பேரையும் செய்துகொள்ளாத சுமார் 2,000 பேரையும் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தது. இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் தம் எடையில் சராசரியாக 32 விழுக்காட்டை இழந்தனர். பத்தாம் ஆண்டில் அது 25 விழுக்காடாக இருந்தது. பின்லாந்தில் நடந்த மற்றோர் ஆய்வில், பத்து ஆண்டுகளுக்குப் பின் ஸ்லீவ் செய்துகொண்டோர் மிகை எடையில் சுமார் 44 விழுக்காட்டையும், பைபாஸ் செய்துகொண்டோர் சுமார் 51 விழுக்காட்டையும் குறைத்திருந்தனர்.

இதை என் போன்ற ஒருவருக்குப் பொருத்திப் பாருங்கள். 112 கிலோவில் 25 விழுக்காடு குறைந்தால் 84 கிலோ. 160 செ.மீ. உயரத்துக்கு அது பி.எம்.ஐ. 33க்குச் சற்றுக் குறைவு. அட்டவணையின்படி அவர் இன்னமும் ‘உடற்பருமன் உடையவர்’. ஆனால் அதே ஸ்வீடன் ஆய்வில், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் ஆயுள் செய்துகொள்ளாத பருமனானவர்களின் ஆயுளைவிட ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கூடுதலாக இருந்தது. அட்டவணையில் தோற்றவர்களாகத் தென்படுவோர் வாழ்க்கையில் மூன்று ஆண்டுகளைப் பெற்றிருக்கிறார்கள்.

எடை ஓரளவு திரும்புவதற்கு மனவுறுதிக் குறைவே காரணம் என்று உறவினர்கள் எளிதில் தீர்ப்பளித்துவிடுகிறார்கள். உடல் எடையை இழக்கும்போது பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் கூடுகின்றன. நிறைவைத் தரும் ஹார்மோன்கள் குறைகின்றன. உணவுக் கட்டுப்பாட்டால் இளைத்தவர்களிடம் ஓராண்டுக்குப் பின்னும் இம்மாற்றம் நீடித்ததை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2011இல் காட்டினர். அறுவை சிகிச்சை இந்தப் போராட்டத்தில் நம் பக்கம் நின்று உதவுகிறது. போராட்டத்தை முற்றிலும் ஒழித்துவிடுவதில்லை. எடை குறைக்கும் வாராந்திர ஊசிகளின் கதையும் இதுவே. செமாக்ளுடைடு ஊசியை நிறுத்தியவர்கள், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை ஓராண்டுக்குள் திரும்பப் பெற்றதாக ஆய்வு கூறுகிறது. இரத்த அழுத்தத்தைப்போல் உடற்பருமனும் நீடித்த நோயே. அதற்கு முடிவுநாள் குறித்துவைப்பது பொருந்தாது.

எனக்கு நேர்ந்தது

75 கிலோவை அடைந்தபின் நான் மருத்துவமனைக்குச் செல்வதை நிறுத்திவிட்டேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. அடுத்த பரிசோதனைக்கான நாள் என் கோப்பில் எழுதப்பட்டே இருந்தது. ‘தேர்வில் வெற்றி பெற்றாயிற்று, இனிப் பள்ளிக்கூடம் எதற்கு’ என்னும் எண்ணம்தான். வைட்டமின் மாத்திரைகள் தீர்ந்தபோது புதிதாக வாங்கவில்லை. உடல் இலேசாக இருந்தது. எல்லோரும் பாராட்டினார்கள்.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. முதலில் பாதங்களில் எறும்பு ஊர்வதுபோல் ஓர் உணர்வு. பின்னர் நாக்கில் எரிச்சல், மாலையானால் தாங்கவியலாத சோர்வு, பழகியவர்களின் பெயர்களைக்கூட மறக்கும் தடுமாற்றம். பழைய நீரிழிவின் எச்சம் என்றே எண்ணினேன். எடையும் 81 கிலோ ஆகியிருந்தது. மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்று தோன்றியது; ஆனால் ஆறு கிலோ கூடிய உடலோடு அந்த எடைமேடையில் ஏறி நிற்க வெட்கமாக இருந்தது. ஏழு மாதங்கள் அந்த வெட்கத்திலேயே கழிந்தன. இலக்கு எண்ணின் மீது எனக்குள்ள மனக்குறை இதுவே: அடைந்தபோது அது என்னை அலட்சியமாக்கியது, தவறியபோது என்னை ஒளியவைத்தது.

கடைசியில் என் அக்காள்தான் கையைப் பிடித்து அழைத்துச் சென்றார். இரத்தத்தில் வைட்டமின் பி12 மிகவும் குறைந்திருந்தது, இரும்புச்சத்தும் குறைவு. அதற்கான காரணத்தை மருத்துவர் பொறுமையாக விளக்கினார். உணவிலுள்ள பி12ஐப் பிரித்தெடுக்க அமிலமும், அதை உடல் உறிஞ்ச உதவும் ஒரு புரதமும் இரைப்பையில் சுரக்கின்றன. இரைப்பை சுருங்கும்போது இரண்டும் குறைகின்றன. கல்லீரலில் உள்ள சேமிப்பு சில ஆண்டுகளுக்குத் தாங்கும். ஆகவே குறை உடனே தெரிவதில்லை. பி12 விலங்குவழி உணவிலேயே உள்ளது. என்னைப்போல் பாலும் தயிரும் மட்டுமே உண்ணும் சைவ உணவினருக்கு அது தொடக்கத்திலேயே குறைவு. நீரிழிவுக்காக மெட்ஃபார்மின் உட்கொண்டவர்களுக்கு மேலும் குறையக்கூடும். மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் என் நிலையில் இருப்பவர்கள் பலர் என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

ஊசிகளுக்குப் பின் சோர்வு நீங்கியது. பாதங்களின் உணர்வு சில மாதங்களில் பெரும்பாலும் சரியாயிற்று. மேலும் காலம் தாழ்த்தியிருந்தால் நரம்புகள் இந்த அளவு மீண்டிருக்கமாட்டா என்று மருத்துவர் கூறினார். தைராய்டு, சர்க்கரை, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றையும் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும் என்று பட்டியல் தந்தார். வாந்தி தொடர்ந்து இருந்தாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, நடை தள்ளாடினாலோ ஒரு நாளும் காத்திராமல் வர வேண்டும் என்பதை இருமுறை வற்புறுத்தினார். வைட்டமின் பி1 தீர்ந்துபோவதன் அறிகுறிகளாக அவை இருக்கலாம்.

நம் ஊரில் உண்பது

சிறிய இரைப்பையில் எது முதலில் செல்கிறது என்பது முக்கியம். நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் வரை புரதம் தேவை என்பது வழக்கமான அறிவுரை. சோறும் சாம்பாரும் இரண்டு இட்லியும் உண்டு அந்த அளவை எட்ட முடியாது. முட்டை உண்போருக்கு ஒரு முட்டையில் ஆறு கிராம் கிடைக்கும். உண்ணாதவர்களுக்குப் பனீர், கெட்டித் தயிர், பருப்பு, சோயா, சுண்டல் ஆகியவையே துணை. நவராத்திரியில் ஒன்பது நாளும் வீடுவீடாகச் சுண்டல் வழங்கும் பண்பாடு நம்முடையது. ஆண்டு முழுவதும் அதைத் தொடர்ந்தால் நமக்கு நன்மையே.

மாறாக, நம்மை ஏமாற்றுபவை முறுக்கும் மிக்சரும் பிஸ்கட்டும் சர்க்கரை கலந்த காப்பியும். அவை குறுகிய இரைப்பையிலும் எளிதில் நழுவிச் செல்கின்றன. வயிறு நிறைந்த உணர்வைத் தருவதில்லை. மூன்று வாய் தோசைக்கு மேல் உண்ண இயலாத நான், தொலைக்காட்சியின் முன் ஒரு கிண்ணம் மிக்சரை அயராமல் முடித்திருக்கிறேன். 75 கிலோ 81 ஆனது அவ்வழியேதான். கல்யாணப் பந்தியில் பாயசத்தை மறுக்க இயலாது என்பவர்களும் ஒன்றை அறிய வேண்டும்: பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு அந்த இனிப்பு விரைந்து குடலில் இறங்கி, படபடப்பும் வியர்வையும் மயக்கமும் உண்டாக்கக்கூடும். மறுப்பது மரியாதைக் குறைவாகாது. வற்புறுத்துவதுதான் தவறு.

குடும்பத்தாருக்கு

இந்த இதழைப் படிப்போருள் பாதிப் பேர் நோயாளிகளின் கணவர், மனைவி, தாய், மகன், மகள். உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது: ‘இன்று எவ்வளவு?’ என்று கேட்பதை விடுங்கள். என் வீட்டில் காலைக் காப்பியோடு வரும் கேள்வியாக அது இருந்தது. குறைந்த நாளில் நான் நல்லவள். குறையாத நாளில் குற்றவாளி. ‘மாத்திரை போட்டாயிற்றா? பரிசோதனை எப்போது?’ என்று கேளுங்கள். எடை நம் கையில் முழுதாக இல்லை. மாத்திரையும் பரிசோதனையும் இருக்கின்றன.

இரண்டாவது: உருவத்தைப் பற்றிய அயலாரின் சொற்களிலிருந்து எங்களைக் காத்திடுங்கள். பருமனாக இருந்தபோது அறிவுரை கூறிய அதே எதிர்வீட்டு மாமி, இளைத்தபின் தெருவில் நிறுத்தி, “என்னடி இது, முகமே வத்திப் போச்சு! சுகர் வந்துடுத்தா?” என்று கேட்டார். நீரிழிவைத் துரத்திவிட்டு வந்தவளிடம் கேட்கப்பட்ட கேள்வி அது. தளர்ந்து தொங்கும் தோலைக் காட்டி ‘இன்னும் குறைய வேண்டும்’ என்பவர்களும் உண்டு. அத்தோலுக்கும் எடை உண்டு. உண்ணாமல் இருப்பதால் அது மறையாது.

மூன்றாவது: எடை கூடும்போது துணையாக நில்லுங்கள். அப்போது கடிந்துரைத்தால் நோயாளி மருத்துவமனையிடமிருந்தே மறைந்துகொள்வார். தனிமையில் மனச்சோர்வு மிகும். அறுவை சிகிச்சைக்குப் பின் மது முன்னைவிட விரைவாகத் தலைக்கேறும் என்பதையும், சிலர் அதற்கு அடிமையாவதையும் நினைவில் கொள்ளுங்கள்.

எண்ணே வேண்டாமா?

‘இலக்கு இல்லாமல் ஊக்கம் எப்படி வரும்?’ என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அறுவை மருத்துவருக்கு எண் தேவை. காப்பீட்டு நிறுவனத்துக்கும் தேவை. எடை திடீரென ஐந்தாறு கிலோ கூடுவது ஓர் எச்சரிக்கை மணி. நீரிழிவு திரும்புவதற்கு முன் அது ஒலிப்பதுண்டு. நானும் இப்போது வாரம் ஒரு முறை எடை பார்க்கிறேன். எடைமேடையைத் தூக்கியெறியச் சொல்வது என் நோக்கமன்று. தமிழ்நாட்டில் எடை மிகுந்த பெண்களின் பங்கு 2015-16இல் 30.9 விழுக்காடாக இருந்து 2019-21இல் 40.4 விழுக்காடாக உயர்ந்துவிட்டதைத் தேசியக் குடும்பநல ஆய்வு காட்டுகிறது. ஆண்களிடையே அது 28.2இலிருந்து 37 ஆகியிருக்கிறது. எண்ணைப் பொருட்படுத்தாமல் இருக்கும் நிலையில் நாம் இல்லை.

என் வேண்டுகோள் எளியது. இலக்கை ஒற்றை எண்ணாக எழுதாமல் ஒரு வரம்பாக எழுதலாம்: என் கோப்பில் 75 என்பதற்குப் பதிலாக ‘75 முதல் 84 வரை’ என்றிருந்தால், 81இல் நான் வெட்கத்தால் ஒளிந்திருக்கமாட்டேன். அதற்குக் கீழே, நோயாளி தாமே சொல்லும் இரண்டு செயல்களை எழுதலாம்: தரையில் அமர்ந்து எழுவது, பேரக் குழந்தையைத் தூக்குவது, பெசன்ட் நகர்க் கடற்கரையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடப்பது. மூன்றாவதாக, இலக்கை அடைந்தாலும் அடையாவிட்டாலும் ஆண்டுதோறும் செய்ய வேண்டிய இரத்தப் பரிசோதனையின் மாதத்தை எழுதலாம். இலக்கை அடையும் நாளில் வாழ்த்தோடு சேர்த்து அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கான அட்டையும் கையில் தரப்பட வேண்டும்.

இப்போது என் எடை 79 கிலோ. பழைய கோப்பின் கணக்கில் நான் இலக்கிலிருந்து நான்கு கிலோ தவறியவள். தொடக்க எடையில் 29 விழுக்காட்டுக்கு மேல் நான்கு ஆண்டுகளாகத் திரும்பி வரவில்லை, இன்சுலின் நின்றுவிட்டது, ஒரே ஒரு மாத்திரை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தியாகராய நகர்ப் பேருந்து நிலையம்வரை 2023இல் ஆகாய நடைபாதை திறக்கப்பட்டது. அதில் மின்தூக்கியும் நகரும் படிக்கட்டும் உள்ளன. ஆயினும் நான் பழைய மேம்பாலப் படிகளிலேயே ஏறி ரங்கநாதன் தெருவில் இறங்குகிறேன். 112 கிலோவாக இருந்த நாளில் அந்தப் படிகளில் மூன்று இடங்களில் நின்று, கைப்பையில் எதையோ தேடுவதுபோல் நடிப்பேன். இப்போது நிற்பதில்லை. என் கோப்பில் இரண்டாவது செயலாக இதைத்தான் எழுதச் சொன்னேன். அதற்குக் கீழே அடுத்த பரிசோதனைக்கான மாதம் எழுதப்பட்டிருக்கிறது: தை. உங்கள் கோப்பில் எந்த மாதம் எழுதப்பட்டிருக்கிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.